நாலாவது பாஷையில் ராஜினாமா

ஒசூரில் ஒருவர் தன் ராஜினாமாக் கடிதத்தைச் சுருட்டி மேனேஜர் மூக்கின் மேல் வீசினார் என்பது முதல் தகவல். கிடைத்த இடம், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. இரண்டாவது தகவல் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரி மேடையில் கிடைத்தது. கோட்டு போட்ட ஓர் ஊக்கப் பேச்சாளர், கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு, கடிதம் வீசப்படவில்லை என்றார். மேஜை மேல் வைக்கப்பட்டதாம், ஆனால் வைத்த சத்தம் சென்னை வரை கேட்டதாம். மூன்றாவது வாட்ஸ்அப்பில் வந்தது. அதில் மூக்கும் இல்லை, மேஜையும் இல்லை. பின்னணி இசையும் நடந்து வரும் சிங்கமும்தான் இருந்தன.

மூன்றுக்கும் பொதுவான சரக்கு ஒன்றுதான். பதினான்கு வருஷ பர்மனென்ட் வேலையை ஒருவர் உதறித் தள்ளினார். ஒரே வருஷத்தில் அதே கம்பெனிக்கு சப்ளையராக, சொந்த வண்டியில், அதே கேட் வழியாக உள்ளே போனார். ஆகவே ரிஸ்க் எடுங்கள் நண்பர்களே.

ஒசூர் பேரிலேயே புதுசை வைத்திருக்கும் ஊர். கன்னடத்தில் ‘ஹொச ஊரு’ என்றால் புது ஊர். இங்கே எதையும் புதிதாகத் தொடங்காத ஆளைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். ஆனாலும் மூக்கில் பட்டதா மேஜையில் பட்டதா என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டுமல்லவா?

ஆளின் பெயர் வெங்கடப்பன். வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் வேப்பனப்பள்ளிப் பக்கம். பாகலூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் மண்பாதையில் அவருடைய ஷெட் இருக்கிறது. தொழிற்சாலைகளில் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் வெள்ளை நூல் கிளவுஸ் எண்ணெயில் ஊறிக் கறுப்பானதும் மூட்டை மூட்டையாக இங்கே வரும். சலவைச் சோடா போட்ட வெந்நீரில் நாலு டிரம்மில் சுற்றி, கம்பியில் காயப்போட்டு, திரும்பவும் வெள்ளை என்று நம்பக்கூடிய நிறத்தில் அனுப்புவார். பதினொரு பெண்கள் வேலை செய்கிறார்கள். அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டதற்கு, “டேங்கர் வரும்” என்றார். எப்போது வரும் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற்கெனவே ஒருத்தி காத்திருந்தாள். மடியில் பழுப்பு உறை. டெல்சி, இருபத்தொன்பது வயது. வெங்கடப்பன் விட்டுவந்த அதே கம்பெனியில், பக்கத்துக் கட்டடத்தில், ஏழு வருஷமாகத் தரச் சோதனை வேலை. அவளும் பர்மனென்ட். இப்போதெல்லாம் அந்தச் சொல்லை ஒசூரில் கொஞ்சம் குரல் தாழ்த்தித்தான் சொல்கிறார்கள். கல்யாணத் தரகர் காதில் விழுந்துவிட்டால் விட மாட்டார். டெல்சியின் அம்மா மேரிராணிக்குச் சர்க்கரை. மாத்திரையும், கண்ணுக்குள் போடும் ஊசியும் டெல்சியின் ஈ.எஸ்.ஐ. கார்டில்தான் நடக்கிறது.

உறைக்குள் அவளுடைய ராஜினாமா இருந்தது. சர்ச்சில் பூசை முடிந்ததும் நேரே வந்திருந்தாள்.

“அண்ணா, நாளைக்கு திங்கக்கெழம. பதினோரு மணிக்கு ஹெச்.ஆர். ஜன்னல் தெறப்பாங்க. குடுக்கட்டுமா வேணாமா, அத மட்டும் சொல்லுங்க.”

“இரும்மா, டிரம்ம பாத்துட்டு வரேன்” என்று வெங்கடப்பன் எழுந்து போனார்.

அவள் தொடங்க நினைத்தது ஷூ வாடகைக் கடை. சிரிக்க வேண்டாம். ஊத்தங்கரையிலிருந்தும் நாகரசம்பட்டியிலிருந்தும் காலை பஸ் பிடித்து, சர்ட்டிபிகேட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, நேர்காணலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் செருப்போடு வருகிறார்கள். ஷூ இல்லாவிட்டால் கேட்டுக்கு உள்ளே விடமாட்டார்கள். படிப்பு, மார்க், வயது எல்லாம் சரியாக இருந்து, கால் மட்டும் சரியில்லாமல் திரும்பிப் போனவர்களை ஏழு வருஷமாக ஷிஃப்டுக்குப் போகும்போது பார்த்திருக்கிறாள். கேட்டுக்கு எதிரே ஒரு பெட்டி, அதில் எல்லா நம்பரிலும் ஷூ. நேர்காணல் முடியும் வரை வாடகை. ஆனால் கூட்டம் வருவதும் அவள் ஷிஃப்டும் ஒரே நேரம். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று.

வெங்கடப்பன் திரும்பி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

“வீசும்போது கை நடுங்குச்சாண்ணா?”

“ரெண்டாவது டிரம்ல சத்தம் வருது” என்று மறுபடி எழுந்தார்.

அவர் மனைவி காவேரி டீ கொண்டுவந்தார். கேள்வியை வழியிலேயே பிடித்துக்கொண்டார். “நடுங்கறதா? அன்னிக்கு வூட்டுக்கு வந்தாரு பாரு, நெஞ்ச நிமித்திகினு! பதினாலு வருஷம் ஒழைச்ச மனுசன மதிக்காத எடத்துல எனக்கு என்னாடி வேலன்னாரு. மூஞ்சி மேலயே வீசிட்டேன்னாரு. நான் அப்பவே குங்குமம் வெச்சுவுட்டேன்.”

“சும்னே இரு காவேரி!” என்று டிரம்மின் பின்னாலிருந்து குரல் வந்தது.

“பாரு, தன் பெருமய தானே பேசமாட்டாரு.”

டெல்சி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைபேசியில் மணி பார்த்தாள். மறுநிமிஷமே மறுபடி பார்த்தாள். பதினொரு பெண்களும் கிளவுஸைப் பிழிந்தபடி காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். வெங்கடப்பன் மூன்றாவது முறை எழப்போனபோது கரண்ட் போயிற்று. நாலு டிரம்மும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. அவருக்குப் பார்க்கப் போக ஒன்றும் மிச்சமில்லை.

“டெல்சி, நான் வீசல.”

“மேஜ மேல வெச்சீங்களா?”

“எழுதிக் குடுன்னாங்க. எழுதிக் குடுத்தேன்.”

அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். அவர் மூன்று இடத்தில் நிறுத்தி, காவேரி ஐந்து இடத்தில் குறுக்கே வந்து சொன்னதை அப்படியே எழுதினால் இரண்டு ஞாயிறு வேண்டும்.

நாலு வருஷத்துக்கு முந்தைய ஏப்ரல். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ஒரே ஒரு ஸ்டாண்ட் ஃபேன். அதன் தலை சுழலும் இடம் உடைந்துபோனதால் ஒரே பக்கம்தான் பார்க்கும். ஒரு பக்கம் வெங்கடப்பன், மறுபக்கம் தெற்கத்திப் பரமசிவம். இவர் திருப்பி வைப்பார், அவர் மறுபடி திருப்பி வைப்பார். ஒரு நாள் இருவரும் ஒரே நேரத்தில் திருப்பினார்கள். ஃபேன் விழுந்தது. அம்மா அப்பா எல்லாரும் வசவுக்குள் வந்தார்கள். விஷயம் ஹெச்.ஆர். வரை போயிற்று.

ஹெச்.ஆர். அதிகாரி வடக்கிலிருந்து வந்து இரண்டே மாதமானவர். நல்ல மனிதர், யாரிடமும் கத்தமாட்டார். இருவரையும் உட்காரவைத்து, இரண்டு வெள்ளைத் தாள் கொடுத்து, சிரித்த முகத்தோடு இந்தியில் சொன்னார்: “தோனோ ராஜிநாமா லிக் கே தீஜியே.” அதாவது, இருவரும் ராஜினாமா எழுதிக் கொடுங்கள்.

வெங்கடப்பனுக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். மூன்று பாஷையிலும் ராஜினாமா என்றால் வேலையை விடுவது. மூன்று சாட்சிகள் ஒரே மாதிரி சொன்னால் நீதிமன்றமே நம்பும், அவர் நம்பமாட்டாரா? நாலாவது பாஷையில் அதற்கு ‘சமாதானமாகிவிட்டோம்’ என்று எழுதிக் கொடுப்பது என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியவில்லை. பரமசிவத்துக்குத் தெரிந்திருந்தது. அவர் சூரத்தில் ஆறு வருஷம் தறி ஓட்டியவர்.

ஆக, ஒரே மேஜையில், ஒரே பேனாவை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு, ஒருவர் சமாதானம் எழுதினார், ஒருவர் வேலையை எழுதிக் கொடுத்தார். ‘ஐயா, தாங்கள் கேட்டுக்கொண்டபடி இதன்மூலம் என் பணியை ராஜினாமா செய்கிறேன்.’ தமிழ் படிக்கத் தெரியாத அதிகாரி இரண்டு தாளையும் வாங்கி, ரொம்பச் சந்தோஷப்பட்டு, இருவருக்கும் கை கொடுத்து, டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தார்.

“பதினாலு வருஷத்துக்கு ரெண்டு பிஸ்கட்டான்னு நெனச்சேன்” என்றார் வெங்கடப்பன்.

“தின்னீங்களாண்ணா?”

“தின்னேன்.”

முப்பது நாள் நோட்டீஸ். அந்த முப்பது நாளும் ஒரு வார்த்தை பேசாமல் வேலைக்குப் போனார். பரமசிவத்துக்கும் வேலை போய்விட்டது என்றுதான் அவர் எண்ணம். ஊர் விட்டு ஊர் வந்த மனுசன், போகிறவரை காற்றாவது வாங்கட்டும் என்று ஃபேனை அந்தப் பக்கமே விட்டுவைத்தார். கடைசி நாள், ஷிஃப்ட் முடிந்து, பரமசிவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, “இனிமே எங்க போவீங்க?” என்று கேட்டார். “எங்க போக? நாளைக்கு செகண்ட் ஷிஃப்டு” என்றார் பரமசிவம்.

அந்த இடத்தில்தான் அவருக்கு விளங்கியது.

ஓடினார். அதற்குள் தலைமை அலுவலகத்தில் யாரோ தமிழ் தெரிந்தவர் கடிதத்தைப் படித்து, ஏற்று, கணினியில் கணக்கை மூடியிருந்தார். மூடியதைத் திறக்கிற சாவி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஹெச்.ஆர். அதிகாரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கான்ட்ராக்ட் ஆளாக, பாதிச் சம்பளத்தில் வருகிறாயா என்றார். இல்லாவிட்டால் கிளவுஸ் துவைத்துக்கொண்டிருந்தவர் விட்டுவிட்டுப் போய்விட்டார், அதையாவது எடுத்துக்கொள் என்றார்.

“கான்ட்ராக்டா போயி அதே ஃபேனுக்கு முன்னாடி நிக்கணும். வெக்கமா இருந்துது. கிளவுஸ் போதும்னுட்டேன்.”

இதில் துணிச்சல் எந்த நிமிஷத்தில் வந்தது என்று நானும் தேடிப் பார்த்தேன். வெட்கம் இருந்தது, இரண்டு பிஸ்கட் இருந்தது.

“அப்ப அந்தச் சிங்கம்?” என்றாள் டெல்சி.

“அது எவனோ ஒட்டுனது.”

எல்லாரும் காவேரியைப் பார்த்தார்கள். காவேரி டம்ளர்களைப் பொறுக்கினார். “என்னா என்னிய பாக்கறீங்க? எனக்கு அன்னிக்கே தெரியும். பாஷ புரியாம எழுதிக் குடுத்து வேலய வுட்டுட்டாருன்னு கொழாயடியில எந்த மூஞ்சிய வெச்சிகினு சொல்றது? வீசிட்டு வந்துட்டாருன்னேன். ஒரு கொடம் ரொம்பறதுக்குள்ள அது தெருமுனைக்குப் போயிடுச்சு. அப்பறம் அது என் கையில இல்ல.”

“அக்கா, நான் ஷூ வாங்கிட்டேன்” என்றாள் டெல்சி. “போனஸ் பணத்துல. பதினாலு ஜோடி. அம்மா கட்டிலுக்கு அடியில கெடக்குது. மூணு மாசமா இவரு கதய நெனச்சுதான் தூங்கறேன்.”

வெங்கடப்பன் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். “குடுக்காத. ஈ.எஸ்.ஐ. கார்டு போயிடும்.” இரண்டு எட்டு நடந்து திரும்பினார். “ஆனா பதினாலு ஜோடிய வெச்சிகினு என்னா பண்ணுவ?” கம்பியில் ஒரு கிளவுஸைத் தொட்டு ஈரம் பார்த்தார். “குடு. இல்ல, இரு. அம்மாவ கேளு.”

“அம்மா உங்கள கேக்கச் சொன்னாங்க.”

அப்புறம் அவரே தன் பேரைக் கெடுத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஊர் தன்னைத் துணிச்சல்காரன் என்று சொல்லச் சொல்ல, அவருக்கே அது உண்மைபோல் இருந்திருக்கிறது. அந்தத் தெம்பில் இரண்டு காரியம் துணிந்து, யோசித்து, வெற்றிலை பாக்கு வைத்துத் தொடங்கினார். வலைக்கூரை போட்டு வண்ணக் குடைமிளகாய். காய்த்து நின்ற வாரம் விலை விழுந்தது, மாட்டுக்குப் போட்டார், மாடும் சிவப்பைத் தின்னவில்லை. அடுத்தது கர்நாடக எல்லை ரோட்டில் கார் கழுவும் கடை. திறந்த ஆறாம் மாதம் தலைக்கு மேலே பாலம் வந்தது, கார்கள் எல்லாம் அழுக்கோடு மேலேயே போய்விட்டன. “நெஜமா துணிஞ்சது ரெண்டும் போச்சு. துணியாம எழுதிக் குடுத்தது நிக்குது. இத வெச்சிகினு நான் உனக்கு என்னாத்த சொல்ல?”

நல்ல கேள்வி. ஊக்கப் பேச்சாளரிடம் கேட்டால் ஏழு அம்சங்களாகப் பதில் சொல்வார்.

காவேரி மட்டும் ஒன்றைச் சேர்த்தார். முதல் இரண்டு மாதம் மெஷின் கிடையாது. வாடகை வீட்டுக் குளியலறையில், கணவனும் மனைவியுமாக, நானூறு ஜோடியைக் கையால் துவைத்தார்கள். சோடாவில் வெங்கடப்பன் விரல் வீங்கி, தன் கிளவுஸைத் தானே மாட்டமுடியாமல் போயிற்று. விட்டுவிடு என்று காவேரி சொல்லியும் விடவில்லை. அதை ஏன் குழாயடியில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“துணி தொவைக்கறத போயி எவ கேப்பா?” என்றார்.

கரண்ட் வந்தது. டிரம்கள் சுற்றத் தொடங்கின. டெல்சி உறையைக் கைப்பையில் திணித்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனாள். பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டோமே என்று வெங்கடப்பன் மண்பாதை முனைவரை பின்னாலேயே போனார். அவள் ஆட்டோ ஏறிவிட்டிருந்தாள்.

ஒருதலையாக நம்பக் கூடாதல்லவா? அன்று மாலையே பரமசிவத்தைப் பார்த்தேன். இன்னும் அதே பிரஸ் ஷாப், அதே மெஷின். ஃபேன் மட்டும் புதுசு, இரண்டு பக்கமும் சுழலும். “வெங்கடப்பனா? பெரிய மூளைக்காரன்லா! கடைசி மாசம் பூரா ஃபேன எனக்கே விட்டுட்டான். அப்பமே நெனச்சேன், இவன் மனசுல ஏதோ பிளான் ஓடுதுன்னு. மேனேஜர் மூஞ்சியில வீசிட்டுப் போயிட்டாம்லா.”

“நீங்கள் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்? வீசியதைப் பார்த்தீர்களா?”

“நான் பிஸ்கட் தின்னுட்டு இருந்தேன்” என்றார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு ஜன்னல் திறந்தது. டெல்சி வரிசையில் மூன்றாவதாக நின்றாள். இரண்டு முறை வரிசையை விட்டு விலகி, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி கடைசியில் போய் நின்றாளாம். கடிதத்தை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருந்தாள். வேலையை விட்டு விலகுகிறேன் என்பதை இரண்டிலும் அடிக்கோடிட்டிருந்தாள். உள்ளே இருந்த பெண், முப்பது நாளுக்குள் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி முத்திரை குத்தினாள்.

அன்று மாலை அவளே வெங்கடப்பனுக்குப் போன் செய்தாள். “குடுத்துட்டேன்ணா. உங்க கதைக்காக இல்ல. உங்க கத பொய்யின்னு தெரிஞ்சும் காலையில எந்திரிச்சப்ப கட்டிலுக்கு அடியில ஷூ கெடந்துது. அத தெனமும் பாத்துகினு எப்படி ஷிஃப்டுக்குப் போறது?”

“தப்பு பண்ணிட்டியோன்னு இருக்குதும்மா.”

“எனக்கும்தான்” என்று வைத்துவிட்டாள்.

போகிறவள்தானே என்று, அதுவரை தராத இரண்டாம் ஷிஃப்டை அந்த முப்பது நாளுக்கு மட்டும் கேட்டதும் கொடுத்தார்கள். காலையில் கேட்டுக்கு எதிரே தகரப் பெட்டி, மதியத்துக்கு மேல் அதே கேட்டுக்கு உள்ளே தரச் சோதனை. முதல் நாள் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் நாள் மழை. நாலாம் நாள் ஏழு பேர் வந்து, அதில் ஐந்து பேர் ஒன்பதாம் நம்பர் கேட்டார்கள். அவளிடம் இருந்தது இரண்டே ஜோடி. இத்தனை பெரிய கால்கள் மாவட்டத்தில் இருப்பது ஏழு வருஷத் தரச் சோதனையில் தெரியவில்லை. சாக்ஸும் வேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை. அதைக் கேள்விப்பட்டதும் வெங்கடப்பன் ஒரு மூட்டை சாக்ஸோடு வந்தார். தினமும் அழுக்கை எடுத்துப் போவார், துவைத்ததைக் கொண்டுவருவார். காசு பேச்சை எடுத்தால் டிரம்மைப் பார்க்கவேண்டும் என்று கிளம்பிவிடுவார். கிளம்பும்போது ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி: “வாபஸ் வாங்கறதுக்கு இன்னும் எத்தினி நாளு இருக்குது?”

இருபத்தொன்பதாம் நாள் மேரிராணியே ஜன்னல் வரை கூட வந்தார். வாபஸ் வாங்கச் சொல்வார் என்று டெல்சி நினைத்தாள். கார்டு இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று கேட்கத்தான் அவர் வந்திருந்தார். ஒருவர் ஆறு என்றார், ஒருவர் மூன்று என்றார், மூன்றாமவர் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். டெல்சி உறையைத் திரும்ப வாங்கவில்லை. முப்பதாம் நாள் மாலை கம்பெனி அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். யாரும் பிஸ்கட் தரவில்லை.

கடை நடக்கிறதா என்றால், நடக்கிறது. ஜெயித்தாளா என்று கேட்டால், பாலம் எங்கே வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது. சில காலைகளில் பெட்டியைச் சுற்றி ஒற்றைக்காலில் நிற்கிற கூட்டம். சில காலைகளில் அவள் மட்டும், ரோட்டின் இருபக்கமும் மாறி மாறிப் பார்த்தபடி.

ஒரு விஷயம்தான் அவளை இருக்கவிடவில்லை. மூன்றாம் வாரம் மேகலா என்று ஒரு பெண் வந்தாள். ஊத்தங்கரைக்கு அந்தப் பக்கம், முப்பது வயது, காலில் நீல ரப்பர் செருப்பு. அதை ஈடாகக் கழற்றி வைத்துவிட்டு, ஐந்தாம் நம்பர் ஷூவை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். அன்றே வேலைக்கு எடுத்துவிட்டார்கள், அன்றே பயிற்சி, அன்றே ஹாஸ்டல். கம்பெனி ஷூ மாசக் கடைசியில்தான் தருவார்களாம். மாசக் கடைசி வந்து, போய், அடுத்த மாசமும் பாதி ஆகிவிட்டது. டெல்சியிடம் இருந்த ஒரே ஐந்தாம் நம்பர் அது. இப்போது ஐந்து கேட்டு வருகிறவர்களை ஆறில் துணி திணித்து அனுப்புகிறாள்.

“போயி கேக்க வேண்டியதுதான?” என்றார் வெங்கடப்பன்.

“வேல கெடைச்சவகிட்ட ஷூவ கழட்டுன்னு சொல்ல வாய் வருமாண்ணா?”

காலை ஏழரைக்கு ஹாஸ்டல் பஸ் கேட்டுக்குள் திரும்பும். நாலாவது ஜன்னலிலிருந்து மேகலா பாதி உடம்பை வெளியே நீட்டி, பெட்டியைப் பார்த்துக் கையை ஆட்டுவாள். இன்றைக்கும் ஆட்டினாள்.

“ஷூ நாளைக்குக்கா!”